அனலைதீவிலிருந்து வந்த கணினி

இன்று காலை அச்சாறு போடலாம் என்று குசினியில் வினாகிரிப் போத்தலைத் திறந்தேன். பச்சைமிளகாயும் சின்ன வெங்காயமும் வெட்டி வைத்திருந்தேன். மூடியைக் கழற்றியதும் எழுந்த புளித்த வாசனையில் அச்சாறு மறந்துபோயிற்று. உம்முடைய மேசைதான் கண்முன்னால் வந்தது. பற்றரி கசிந்து பச்சை பிடித்த சுற்றுப்பலகை ஒன்றை வைத்துக்கொண்டு, கள்ளு வினாகிரியில் தோய்த்த பழைய பல் விளக்கும் பிறஷ்ஷால் நீர் மெல்ல மெல்லத் தேய்த்துக்கொண்டிருக்கிறீர். முகத்தை நிமிர்த்தாமலே, “அந்த யன்னலைத் திறந்துவிடும், மணம் மண்டைக்குள்ள போகுது” என்கிறீர்.

போத்தலை மூடிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். வெங்காயம் இன்னும் அங்கேயே கிடக்கிறது. நீர் போய் இது இரண்டாவது மாரி. நீர் இருந்த காலத்தில் உமக்காக எத்தனையோ நாட்டவருக்குக் கடிதம் எழுதியவள் நான். ஜெர்மன்காரர், யப்பான்காரர், கனடாவில் இருக்கிற எங்கள் ஆட்கள் என்று ஒருவரையும் விடவில்லை. உமக்கு மட்டும் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதவேண்டிய தேவையும் வரவில்லை. காலை எட்டு மணிக்கு உம்முடைய சைக்கிள் என் படலையில் வந்து முட்டும். அதற்குப் பிறகு பின்னேரம் வரை கதைதான்.

நாங்கள் முதலில் சந்தித்தது வேலணையில். ஒரு கந்தோரில் கழித்துவிட்ட சாமான்களை விற்றார்கள். கொழும்பில் கப்பல் கம்பனி ஒன்றில் இருபது வருடம் தட்டச்சு அடித்துவிட்டுப் புளியங்கூடலுக்குத் திரும்பியிருந்த எனக்கு, அங்கே கிடந்த தட்டச்சுப்பொறி ஒன்றில் கண். அதை ஆறு பழைய கணினிகளோடு ஒரே குவியலாகப் போட்டிருந்தார்கள். பிரித்துத் தரமுடியாது என்றார் அங்கே நின்ற அலுவலர். நான் அவரோடு ஆங்கிலத்தில் வாதாடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து என் தோளைத் தட்டினீர். அள்ளி முடிந்த கொண்டை, கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் ஒரு திருகாணிச் சாவி.

“குவியலா எடுங்கோ. ரைப்ரைட்டர் உங்களுக்கு, மற்றது எனக்கு.”

“இதுகளை வைச்சு என்ன செய்யப்போறியள்?”

“ஓட வைக்கப்போறன்.”

“ஓடினாப் பிறகு?”

“அதை நீங்கள் யோசியுங்கோ. உங்களுக்குத்தானே இங்கிலீசு வருது.”

ஆறு பெட்டிகளையும் ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு வண்டியில் ஏற்றிக்கொண்டு, அவை ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க இருவரும் நடுவில் இருந்து கைகளால் அணைத்தபடி வந்தோம். உம்முடைய வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் நினைத்திருந்தீர். ஊர்காவற்றுறையில் கடலோடு ஒட்டிய வீடு அது. வாசலில் உம்முடைய கணவர் மரியதாஸ் அண்ணையின் வலைகள் காயும். வழியில் என் வீட்டைக் கண்டதும் வண்டியை நிற்பாட்டச் சொன்னீர். அப்பா தெற்கே கடை வைத்திருந்த காலத்தில் கட்டிய பெரிய வீடு. அண்ணாவும் அக்காவும் வெளிநாட்டில். ஐந்து அறையில் நான் ஒருத்தி.

“இஞ்ச உப்புக்காத்து குறைவு. என்ர வீட்டில வைச்சா ஒரு மாரிக்குள்ள துருப்பிடிச்சிடும்” என்றீர். நான் ஓம் என்று சொல்வதற்கு முன்னமே முதல் பெட்டி இறங்கிவிட்டது. அன்று பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது “நீங்கள்” போய் “நீர்” வந்திருந்தது.

அப்படியே அண்ணாவின் அறை முழுக்கக் கணினித் திரைகள். அக்காவின் அறையில் விசைப்பலகைகள். அம்மாவின் அலுமாரியில் சேலைகள் இருந்த தட்டுகளில் நெகிழ்தட்டுகளும், உறை பிரிக்காத பழைய மென்பொருள் பெட்டிகளும். பாடசாலைகள், மூடிப்போன உதவி நிறுவனங்கள், கோவில் அலுவலகங்கள் என்று எங்கே பழசைக் கழிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாலும் போய் நிற்போம். இந்தச் சனங்களுக்குக் குப்பையாகத் தெரிவதைத் தேடிக்கொண்டு எங்கேயோ ஒரு மனிதர் வருடக்கணக்காகத் திரிகிறார் என்பது எனக்கு முதலில் நம்பமுடியாத புதினமாக இருந்தது. நீர் திருத்துவீர், நான் படமெடுத்து இணையத்தில் விற்பனைக்கு எழுதிப்போடுவேன். அதிலும் உமக்கு ஒரு பிடிவாதம். “என்ன குறை இருக்கோ அதை முதல் எழுதும். நல்லதை அவையள் தாங்களே கண்டுபிடிப்பினம்.”

இந்த வேலையை நீர் எங்கே பழகினீர் என்று எல்லோரும் கேட்பார்கள். நீர் சிரித்துவிட்டு விடுவீர். எனக்கு ஒருநாள் சொன்னீர். தீவை விட்டு இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் இருந்த மின்சாரமில்லாத வருடங்களில், சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதித்து, டைனமோவில் வானொலி கேட்டவர்கள் நீங்கள். மிதிக்கிறது தம்பி, வயர் பொருத்துகிறது நீர். செய்தி முடியும்வரை வானொலி நிற்கக்கூடாது. நின்றால் உம்முடைய அப்பா உம்மைத்தான் பார்ப்பாராம். “அந்தப் பார்வைக்குப் பயந்து பழகினதுதான்” என்றீர்.

எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. எந்த நெகிழ்தட்டையும் எந்த வன்தட்டையும் முதலில் நகல் எடுக்காமல் விற்கக்கூடாது. அது நீர் போட்டது. உள்ளே ஆருடைய எழுத்து இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது என்பீர். நான் தலையாட்டினேன். ஆட்டிவிட்டு ஒருமுறை அதை மீறினேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தம்பிராசா ஐயா வந்த நாளை இப்போதும் அப்படியே சொல்லமுடியும். மழை விட்டு வெயில் எறித்த ஒரு காலை. அனலைதீவிலிருந்து படகில் ஊர்காவற்றுறைக்கு வந்து, அங்கிருந்து ஓட்டோ பிடித்து, உரப்பையில் சுற்றிய ஒரு கணினியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். புகையிலைத் தோட்டக்காரர். எழுபது தாண்டிய வயது. கண்ணில் வெள்ளை படர்ந்து, எழுத்துகள் தெரியாத நிலை.

“விக்கவோ ஐயா?” என்று நான் கேட்டேன்.

“இல்லைப் பிள்ளை. இது ஓட வேணும்.”

அவருடைய மகள் சுகந்தி. சங்கம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்தவள். அங்கே புதுக் கணினி வந்தபோது இந்தப் பழசை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். ஓய்வு நேரத்தில் அதில் எதையாவது அடித்துக்கொண்டே இருப்பாளாம். ஒருநாள் காலை கொழும்புக்கு ஒரு வேலையாகப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகுதான் தெரிந்தது, அவுஸ்திரேலியாவுக்குப் போகிற படகில் ஏறியிருக்கிறாள் என்று.

“போய்ச் சேர்ந்ததெண்டும் இல்லை, சேரேல்லை எண்டும் இல்லை” என்றார் ஐயா. “எத்தினை இடத்தில கேட்டாச்சு. அந்தப் போட்டில போன ஒருத்தரிட்ட இருந்தும் ஒரு சேதி இல்லை. இதுக்குள்ள எனக்கு எண்டு ஏதும் எழுதி வைச்சாளோ எண்டு பாக்க வேணும்.”

நீர் பெட்டியைத் திறந்து பார்த்தீர். பற்றரி கசிந்து, பலகையின் ஒரு மூலை பாசி பிடித்த கிணற்றுக்கட்டுப் போல இருந்தது. வன்தட்டு சுழலவே இல்லை. “ஏலும் எண்டு சொல்லமாட்டன், ஐயா. ஏலாது எண்டும் சொல்லமாட்டன். மூண்டு கிழமை தாங்கோ” என்றீர்.

அந்த மூன்று கிழமையும் வேறெதையும் தொடவில்லை நீர். வினாகிரியால் துடைத்தீர், வடித்த நீரால் கழுவினீர், அறுந்துபோன தடங்களுக்கு மேலால் மயிரளவு கம்பி வைத்து ஈயம் ஒற்றினீர். ஒட்டிப்போயிருந்த வன்தட்டைத் துணியில் சுற்றி வெயிலில் சூடாக்கி, கையில் எடுத்து மணிக்கட்டால் ஒரு சுழற்று.  நாலாவது முறை உள்ளே எதுவோ விடுபட்டு முனகத் தொடங்கியது. நீர் சிரிக்கவில்லை. “கதைக்காதையும். முதல் நகல்” என்று மட்டும் சொன்னீர்.

நகல் முழுமையாக வரவில்லை. சில பகுதிகள் கெட்டிருந்தன. சங்கத்து அறிக்கைகள், கூட்ட அழைப்புகள் எல்லாவற்றுக்கும் கீழே, அவள் போவதற்கு ஐந்து நாள் முன்னர் எழுதிய ஒரு கோப்பு முழுதாக இருந்தது. திறந்தால் ஆங்கில எழுத்தும் கோடும் புள்ளியுமாக ஒரே குழப்பம். அந்த நாளில் தமிழை ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் எழுத்துருவில் அடித்தார்கள். அந்த எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் தமிழாகத் தெரியாது. அது இருந்த இடமோ கெட்டுப்போன பகுதிக்குள்.

நீர் கொஞ்சநேரம் நெற்றியைத் தடவினீர். பிறகு முகம் வெளித்தது. “அந்த வேலணைக் கந்தோர்ப் பெட்டிகளோட ஒரு பை நிறைய டிஸ்க் வந்ததே. ரெண்டு இடத்துக்கும் ஒரே ஆக்கள்தான் கொம்பியூட்டர் குடுத்தவை. அதுக்குள்ள இந்த எழுத்து இருக்கும். எடுத்துக்கொண்டு வாரும்.”



அந்தப் பையை நான் அதற்கு முந்திய வருடமே ஒல்லாந்தில் இருக்கும் ஒரு சேகரிப்பாளருக்கு விற்றுவிட்டிருந்தேன். நீர் காய்ச்சலில் படுத்திருந்த கிழமை. அவர் அவசரப்படுத்தினார். நகல் எடுக்கப் பொறுமையில்லாமல், எல்லாம் வெறும் டிஸ்க்தானே என்று பொதிசெய்து அனுப்பினேன். உமக்குச் சொல்லவில்லை. நாள் போகப்போகச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

“அது இல்லை” என்றேன்.

“எங்க?”

“வித்திட்டன். நகல் எடுக்கேல்லை. உமக்கும் சொல்லேல்லை.”

நீர் என்னைப் பார்த்தீர். நல்லாக ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நீர் ஈயக்கோலின் பிளக்கைக் கழற்றினீர், கையைக் கழுவினீர், சைக்கிளை எடுத்தீர். அடுத்தநாள் எட்டு மணிக்குப் படலையில் சத்தம் கேட்காது என்றுதான் நினைத்தேன். கேட்டது. வந்ததும் வராததுமாக, “அந்த மனிசனுக்கு எழுதும்” என்றீர். “சும்மா ஒரு ஃபைல் வேணும் எண்டு எழுதாதையும். ஏன் வேணும் எண்டு எழுதும். நகல் எடுக்காமல் வித்தது உம்மட பிழை எண்டும் எழுதும்.”

எழுதினேன். அப்படியொரு கடிதத்தை நான் கப்பல் கம்பனியில் ஒருநாளும் அடித்ததில்லை. பதினொரு நாள் பதில் இல்லை. பன்னிரண்டாம் நாள் வந்தது. அந்த மனிதர் பையைப் பிரிக்கவே இல்லையாம். என் கடிதம் கண்டபிறகுதான் பிரித்து, ஒவ்வொன்றாக வாசித்து எல்லாவற்றையும் அனுப்பியிருந்தார். “ஒன்று மட்டும் வாசிக்க முடியவில்லை, மன்னிக்கவும்” என்று எழுதியிருந்தார். நாங்கள் தேடிய எழுத்துரு வேறொரு டிஸ்க்கில் இருந்தது.

நீர் அதைப் பொருத்தினீர். கோடும் புள்ளியுமாகக் கிடந்தது எங்கள் கண்முன்னால் தமிழாக மாறியது. இருவரும் வாசித்தோம். வாசித்து முடிந்ததும் நான்தான் முதலில் வாய் திறந்தேன். “இது ஐயாவுக்கு எழுதினதில்லை. ஆரோ சிநேகிதிக்கு எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்டது.”

“ஓம்.”

“அப்ப எல்லாத்தையும் வாசிக்கவேண்டாம். அந்தக் கடைசிப் பகுதி மட்டும் காணும். அவருக்கு அது ஆறுதல்.”

“அவருக்கு எழுதேல்லை எண்டு யோசிச்சால் ஒண்டும் வாசிக்கக் கூடாது” என்றீர். “அவள் ஆருக்கு எழுதினாளோ அந்தப் பிள்ளையைத் தேடவும் எங்களுக்குப் பேர்கூட இல்லை. வாசிக்கிறதெண்டால் முழுக்க வாசிக்கவேணும். பாதியை வாசிச்சால் அது நாங்கள் எழுதின கடிதம்.”

ஐயாவைக் கூப்பிட்டோம். திரைக்கு முன்னால் கதிரையில் இருத்தினோம். இது உங்களுக்கு எழுதினதில்லை, இதில் நோகிற இடமும் இருக்கு, வேண்டாமென்றால் விடலாம் என்று முதலில் சொன்னீர். அவர் வாசிக்கச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குரலை ஏற்றாமல் இறக்காமல் வாசித்தீர்.

“அப்பாவோட இனி ஒரு வீட்டில இருக்க ஏலாது. அவனைக் கட்டுறதிலும் பாக்க நீ கடலுக்குள்ள போ எண்டு சொன்னவர். சொல்லிப்போட்டுப் புகையிலைப் பாத்திக்குத் தண்ணி மாறப் போயிட்டார். நான் நிண்ட இடத்திலேயே நிண்டனான். சரி, கடலாலதான் போறம். வியாழக்கிழமை ரெண்டுபேரும் வெளிக்கிடுறம். அவனுக்கு நீந்தத் தெரியும், எனக்குத் தெரியாது, அதைச் சொல்லி என்னைப் பகிடி பண்ணுறான். அப்பாவுக்குச் சொல்லாமல் போறதுதான் எனக்கு ஏலாமல் கிடக்கு. சொன்னால் அழுவார். அழுதால் நான் நிண்டிடுவன்.”

அதோடு நின்றிருந்தது.  ஐயா இரண்டு கையையும் முழங்காலில் வைத்தபடி இருந்தார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஓம்” என்றார் கடைசியில். “நான் அப்பிடித்தான் சொன்னனான்.”

பிறகு கேட்டார்: “ரெண்டுபேரும் எண்டோ கிடக்கு?”

“ஓம், ஐயா. ரெண்டுபேரும் வெளிக்கிடுறம் எண்டு எழுதியிருக்கிறா.”

“தனியப் போகேல்லையோ?”

“இல்லை, ஐயா.”

அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். இத்தனை வருடமும் அவள் தெரியாத ஆட்களுக்கு நடுவில் தன்னந்தனியாக அந்தப் படகில் இருந்தாள் என்று நினைத்தே வாழ்ந்திருக்கிறார் அந்த மனிதர். நான் வெட்டிவிடப் பார்த்த பகுதிக்குள்தான் அந்தச் சேதி இருந்தது. நீர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தாங்கியிருக்கமாட்டேன்.

முகத்தைத் துடைத்துவிட்டு, “அந்தத் தொடக்கத்தைத் திருப்பி வாசி பிள்ளை” என்றார். “அந்தக் கோபம் வாற இடம். அவள் அப்பிடித்தான் கதைக்கிறவள்.” நீர் திருப்பி வாசித்தீர். மூன்று தரம் வாசித்தீர். போகும்போது கணினியை இங்கேயே விட்டுவிட்டுப் போனார். அனலைதீவில் எங்கே வைத்தாலும் கடல்காற்றுப் பிடிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிந்திய வருடம் உமக்குச் சாப்பாடு செல்லாமல் போயிற்று. முதலில் வயிற்றெரிவு என்றீர். சட்டைகள் தொளதொளத்தன. சைக்கிளை விட்டுவிட்டு மினிபஸ்ஸில் வந்தீர். யாழ்ப்பாணத்துக்குப் போய்ப் பரிசோதித்து, அறிக்கை வந்தது. ஆங்கில அறிக்கை. மரியதாஸ் அண்ணை அதை முதலில் என்னிடம்தான் கொண்டுவந்தார். வாசித்துச் சொன்னேன். அந்த மனிதர் படலையில் சாய்ந்துகொண்டு நின்றார். 

“தங்கச்சி, அவவுக்குச் சொல்லாதைங்கோ. வயித்துப்புண் எண்டு சொல்லுங்கோ. மகளுக்கும் இப்ப அறிவிக்கவேண்டாம், அவள் நத்தாருக்கு வருவாள்தானே. அவ மனம் விட்டிடுவா. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்.”

உம்முடைய மகள் இத்தாலியில். ஒவ்வொரு வருடமும் மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு வருகிறேன் என்பாள். சில வருடம் வருவாள். நான் அண்ணைக்கு ஓம் என்று சொல்லிவிட்டேன். அதை உம்மிடம் மறைக்கவில்லை, இப்போதும் மறைக்கவில்லை.

அன்று பத்து மணிபோல நீர் வந்தீர். மேசைக்கு முன்னால் இருந்து, ஈயக்கோலைத் தொடாமல், கையை நீட்டினீர். “றிப்போட்டை வாசியும்.”

நான் அறிக்கையை விரித்தேன். பெயர், வயது, எடுத்த பரிசோதனை. அதுவரை வந்தது. பிறகு, “வயித்தில ஒரு புண் இருக்காம்” என்றேன்.

“அப்பிடியோ எழுதிக்கிடக்கு?”

நான் தாளை மடிக்கப் பார்த்தேன்.

“என்ர அம்மாவுக்கு வந்தபோது நாங்கள் ஆறு பிள்ளையளும் சேர்ந்து பொய் சொன்னனாங்கள்” என்றீர். “கடைசிக் கிழமை அவ எனக்கு மட்டும் சொன்னா, தனக்குத் தெரியும் எண்டு. எங்களுக்காகத்தான் தெரியாத மாதிரி இருந்தவவாம். சாகப்போற மனிசி எங்களை நடிச்சுத் தேற்றினவ. என்னை அப்பிடி நடிக்க வைக்காதையும்.”

அண்ணை கேட்டதை நான் சொன்னேன். அவரைக் கோபிக்கவேண்டாம் என்றேன். “அவரை நான் பாத்துக்கொள்ளுறன். நீர் வாசியும்” என்றீர்.  தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தேன். ஒவ்வொரு வசனத்தையும் ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. எங்கே தொடங்கியது, எங்கெல்லாம் பரவியிருக்கிறது, வெட்டி எடுக்க ஏலாது என்பது. ஒரு சொல்லையும் விடவில்லை. நீர் இரண்டு இடத்தில் மட்டும் நிறுத்தி விளக்கம் கேட்டீர், சுற்றுப்பலகையில் எந்தத் தடம் அறுந்தது என்று கேட்கிறமாதிரி. முடிந்ததும் நான்தான் அழுதேன். நீர் என் முதுகைத் தடவினீர்.

“நத்தார் சரிவராது” என்றீர். “போனை எடும். மகளுக்குச் சொல்லவேணும்.”

மகள் ஆவணியில் வந்தாள். நான்கு கிழமை உம்மோடு இருந்தாள். நீங்கள் இருவரும் ஒரு பின்னேரம் சாட்டிக் கடற்கரைக்குப் போய்த் தண்ணீரில் கால் நனைத்துவிட்டு வந்ததை எனக்கு வந்து சொன்னீர். சின்ன வயதில் அவளை நீர் அடித்த ஒரு அடியைப் பற்றி அவள் கேட்டாளாம். நீர் மன்னிப்புக் கேட்டீராம். அவளும் எதற்கோ கேட்டாளாம். அதை மட்டும் எனக்குச் சொல்லவில்லை. ஐப்பசியில் முதல் மழை பெய்த கிழமை நீர் போய்விட்டீர். நத்தாருக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

மரியதாஸ் அண்ணை என்னோடு கதைப்பதை விட்டுவிட்டார். அந்த அறிக்கையை வாசித்த நாளிலிருந்து செத்தவீடு வரைக்கும் ஒரு சொல் இல்லை. நான் வந்தால் வலைப்பக்கம் போய்விடுவார். அவரை நான் குறைசொல்லவில்லை. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வீட்டில் எல்லோரும் சாப்பிட்டார்கள். நான் வாசலோடு திரும்பப் பார்த்தேன். அவர் ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டு, மீன்குழம்பு ஊற்றாமல், மரக்கறி மட்டும் வைத்து, கொண்டுவந்து என் கையில் தந்தார். “சாப்பிட்டிட்டுப் போங்கோ தங்கச்சி” என்றார். அன்று வெள்ளிக்கிழமை. நான் மச்சம் தொடாத நாள் என்பது அவருக்கு நினைவிருந்திருக்கிறது.

நீர் படுக்கையில் விழமுன் எனக்கு ஈயம் வைக்கப் பழக்கினீர். என் கை உம்முடைய கை இல்லை. மொத்தமாக ஒற்றிவிடுவேன், அதை உறிஞ்சி எடுத்துவிட்டுத் திரும்ப வையும் என்பீர். இப்போது தனியே செய்கிறேன். பெரிய வேலைகளை எடுப்பதில்லை. விற்பனைக்குப் போடுகிறபோது குறையை முதல் வரியில் எழுதுகிறேன். போன மாதம் கனடாவிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தா. இறந்துபோன தமையனுடைய டிஸ்க்குகளாம். “நல்லதாக ஏதும் இருந்தால் மட்டும் எனக்குச் சொல்லுங்கோ” என்று. உள்ளே இருப்பதை முழுக்க நகல் எடுத்து அனுப்புகிறேன், பிரித்துத் தரமாட்டேன், வாசிக்கிறதும் விடுகிறதும் உங்கள் விருப்பம் என்று பதில் போட்டேன். இரண்டு கிழமை போயிற்று. பிறகு, “சரி, அனுப்புங்கோ” என்று வந்தது. அந்தப் பதிலைப் போடும்போது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஐயாவுக்கு வாசிக்கும்போது உமக்கும் பயம் இருந்ததோ என்று கேட்காமல் விட்டது இப்போது கவலையாக இருக்கிறது.

இன்னுமொன்று சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். நேற்று தம்பிராசா ஐயா வந்தார். செத்தவீட்டுக்கு வந்தபிறகு இப்போதுதான் வருகிறார். கண் சத்திரசிகிச்சை செய்திருக்கிறார், என்றாலும் பார்வை முழுதாகத் திரும்பவில்லை, தடி பிடித்துத்தான் நடை. முன்பு வரும்போதெல்லாம் கேட்டதுபோல மகளின் கடிதத்தை வாசிக்கச் சொல்வார் என்று கணினியைப் போட்டேன். அவர் தலையசைத்தார்.

“இண்டைக்கு வாசிக்கவேண்டாம். நான் சொல்லச் சொல்ல எழுதும். அவளுக்குப் பதில். அவளின்ர கடிதத்துக்குப் பக்கத்தில வைச்சுவிடும்.”

அந்தப் பழைய எழுத்துருவில் எந்த விசைக்கு எந்த எழுத்து என்று எனக்கு விரலில் இல்லை. ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அடித்தேன். அவர் ஒவ்வொரு வசனத்துக்கும் பொறுத்திருந்தார். தோட்டத்தில் இந்தமுறை என்ன வைத்தார், கிணறு எப்படி இருக்கிறது, நாய் செத்தது. பிறகு அந்த நாளைப் பற்றிச் சொன்னார். கடலுக்குள் போ என்று சொன்னது தன் வாய்தான், அதைத் தான் சொல்லவில்லை என்று ஒருநாளும் சொல்லப்போவதில்லை என்றார். தண்ணி மாறப் போனதாக எழுதியிருக்கிறாய், நான் தண்ணி மாறவில்லை, வரம்பில் குந்திக்கொண்டிருந்தேன், திரும்பி வரத் தெரியவில்லை என்றார். அடித்தேன்.

தடியைக் கையில் எடுத்தார். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு சொன்னார்.

“அந்தப் பெடியனை எனக்கு இண்டைக்கும் பிடிக்கேல்லை. ஆனா அவன் உன்னோட இருந்தவன்.”

என் விரல் நின்றது. முதல் வசனத்தை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் அடித்தால் எவ்வளவு நல்லாக இருக்கும் என்று நினைத்தேன். அவருக்குத் திரை சரியாகத் தெரியாது. அந்தக் கடிதத்தை வாசிக்கப்போகிறவர்களும் ஒருவரும் இல்லை.

“எழுதியாச்சே பிள்ளை?” என்று கேட்டார்.

“பொறுங்கோ, ஐயா” என்றேன். ‘பெடியனை’ என்று அடிக்க ‘பெ’ எங்கே இருக்கிறது என்று தேடினேன். அதையும் அடித்தேன்.